ஆதித் திருச்சபை தன் தலைவர்களைத் தெரிந்துகொண்டது ஓட்டினாலா, சீட்டினாலா, நியமனத்தினாலா?

இரணியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணியலுக்கு அருகிலுள்ள எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்பை நான் நடத்தி வருகிறேன். அடுத்த மாதம் சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கவிருப்பதால் பிள்ளைகளின் வீடுகளிலும் அதே பேச்சாக இருக்கிறது. சென்ற ஞாயிறு அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தை வாசித்து முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, "யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள், நாம் மட்டும் ஏன் வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறோம்?" என்று கேட்டான். ஆறாம் அதிகாரத்தில் சபையார் கூடித்தானே ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள் என்று இன்னொரு மாணவி மறுத்தாள். பவுலும் பர்னபாவும் தாங்களே மூப்பர்களை ஏற்படுத்திவைத்ததாகப் பதினான்காம் அதிகாரம் சொல்கிறதே என்றாள் மூன்றாமவள். மூவர் சொன்னதும் வேதத்தில் உள்ளதுதான். ஆனால் மூன்றையும் சேர்த்து ஒரு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அதோடு, அக்காலத்தில் இறையியல் கல்லூரி எதுவும் இல்லையே, ஒருவர் கண்காணி, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவர், ஆவதற்கு முன் யாரிடம், எப்படிக் கற்றார் என்பதையும் அறிய விரும்புகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், வந்து சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒருவர் பொறுப்புக்கு வந்து, அதனால் பல குடும்பங்கள் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திய துயரத்தை நேரில் கண்டிருக்கிறேன். எனவே இதை வெறும் வரலாற்று ஆர்வத்தினால் மட்டும் நான் கேட்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மாணவர் மூவரும் நன்றாக வாசித்திருக்கிறார்கள். அவர்கள் காட்டிய மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், முறை ஒவ்வோர் இடத்திலும் மாறுவதையும், மாறாத ஒன்று அவற்றுக்கு அடியில் இருப்பதையும் காணலாம். அந்த மாறாத ஒன்றை நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு 'நற்சாட்சி' என்று அழகாகச் சொல்கிறது.

முதலில் மத்தியா. அங்கே கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர். அவர்கள் அனைவருடைய பெயரையும் எழுதிக் குலுக்கிப்போடவில்லை. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை தங்களோடு நடமாடியவர்களாக இருக்க வேண்டும் என்று முதலில் ஒரு தகுதியை வகுத்து, அதற்குப் பொருந்திய யோசேப்பு, மத்தியா என்னும் இருவரை நிறுத்தி, ஜெபம்பண்ணிய பிறகே சீட்டுப்போட்டார்கள். ஆகவே சீட்டு விழுவதற்கு முன்பே, அந்த இருவருடைய பல ஆண்டு வாழ்க்கையை அறிந்தவர்கள் தெரிந்தெடுப்பின் பெரும்பகுதியை முடித்திருந்தார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு, புதிய ஏற்பாட்டில் எந்த ஊழியத்துக்கும் சீட்டுப்போட்டு ஆள் எடுத்ததாக எழுதப்படவில்லை என்பதையும் அந்த மாணவனுக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் அதிகாரத்தின் பின்னணி ஒரு சண்டை. அன்றாட விசாரிப்பில், அதாவது உணவுப் பகிர்வில், தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் தாங்களே ஏழு பேரைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நற்சாட்சி பெற்றவர்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் அவர்களை இந்த வேலைக்கு ஏற்படுத்துவோம் என்றார்கள். தெரிந்துகொள்வது சபையார் கையிலும், ஜெபம்பண்ணிக் கைகளை வைப்பது அப்போஸ்தலர் கையிலும் இருந்தன. தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே இருப்பதைக் கவனியுங்கள். அவர்களில் நிக்கொலா யூதராகவே பிறந்தவர் அல்லர், அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்தில் அமைந்தவர். குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தி விசாரிப்பை ஒப்படைத்த அந்தப் பெருந்தன்மையை நம் சபைத் தேர்தல்களில் நான் அதிகம் கண்டதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

பதினான்காம் அதிகாரத்தில் 'ஏற்படுத்திவைத்து' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் கையை நீட்டுதல் என்பதாகும். கை உயர்த்தி வாக்களிப்பதற்கும், பின்னாளில் நியமிப்பதற்கும் அச்சொல் வழங்கியது. அந்த வசனத்தில் செயல் பவுலுக்கும் பர்னபாவுக்கும் உரியதாகவே இருப்பதால், அதை நேரடித் தேர்தல் என்று கொள்ள முடியாது. ஆனால் அதே சொல் 2 கொரிந்தியர் 8இல், தருமப் பணத்தைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனைக் குறித்து வருகிறது. முதல் நூற்றாண்டு முடிவதற்குள் ரோமாபுரியிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கிளமெந்துவின் நிருபம் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுகிறது. மூப்பர்களை ஏற்படுத்தியவர்கள் அப்போஸ்தலரும் அவர்களுக்குப் பின் வந்த மதிப்புக்குரியோரும் என்றும், அது சபை முழுவதின் சம்மதத்தோடு நடந்தது என்றும் அது சொல்கிறது. அந்த நிருபம் எழுந்த காரணமும் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும்: குற்றமற்ற மூப்பர்களைக் கொரிந்து சபையில் சிலர் பதவியிலிருந்து தள்ளியிருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகூட ஆகாதவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1 தீமோத்தேயு 3 கண்காணியைக் குறித்து 'நூதன சீஷனாயிருக்கக்கூடாது' என்கிறது. உதவிக்காரரும் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்கலாகாது. ஆனால் தீத்து முதலாம் அதிகாரத்திலுள்ள தகுதிகளில் இந்த 'நூதன சீஷன்' நிபந்தனை இல்லை. தீமோத்தேயு இருந்த எபேசு சபை பல ஆண்டு வயதுடையது, தீத்து இருந்த கிரேத்தா தீவின் சபைகளோ அப்போதுதான் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தவை. எல்லாருமே புதியவர்களாக இருக்கும் இடத்தில் பழையவரை எங்கே தேடுவது? விதி சபையின் வயதைப் பார்த்து நடந்தது என்று நான் கருதுகிறேன். நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனெரி ரிங்கல்தௌபே 1816இல் புறப்பட்டபோது, சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுச்சென்றார். முதல் தலைமுறை விசுவாசியாகிய அவருக்கு முன்னே மூத்தவர் என்று அங்கு ஒருவரும் இல்லை.

குளச்சல் வாசகர் எழுதியது:

ஐயா எழுதியதோடு அடுத்த இரண்டு நூற்றாண்டுகளைப் பற்றியும் சில செய்திகளைச் சேர்க்கிறேன். நான் கத்தோலிக்கன் என்பதால், நீங்கள் கண்காணி, மூப்பர், உதவிக்காரர் என்பவர்களுக்கு ஆயர், குரு, திருத்தொண்டர் என்ற எங்கள் வழக்குச் சொற்களையே பயன்படுத்துகிறேன், பொறுத்தருள்க.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியானின் மடல்களே இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான சான்றுகள். டேசியு பேரரசன் நடத்திய துன்புறுத்தலின்போது உயிருக்கு அஞ்சி, சிலைகளை வழிபட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்ட ஸ்பெயின் நாட்டு ஆயர் இருவரை அவர்களுடைய மக்கள் ஏற்க மறுத்து, வேறு ஆயர்களைத் தேர்ந்துகொண்டு, தாங்கள் செய்தது சரியா என்று ஆப்பிரிக்கத் திருச்சபையைக் கேட்டார்கள். சிப்ரியானும் அவரோடு கூடிய ஆயர்களும் சரியே என்று பதில் எழுதினார்கள். ஆயர் மக்கள் முன்னிலையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், ஏனெனில் ஒவ்வொருவருடைய வாழ்வையும் நடத்தையையும் முழுமையாக அறிந்தவர்கள் அவரோடு வாழ்ந்த மக்களே, தகுதியுள்ளவரைத் தேர்வதற்கும் தகாதவரை மறுப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது அம்மடலின் சாரம். அருகிலுள்ள ஊர்களின் ஆயர்கள் வந்து கூடி, அத்தேர்வை ஏற்று, கைகளை வைத்துத் திருநிலைப்படுத்தினார்கள். மக்கள் மட்டும் போதாது, ஆயர்கள் மட்டும் போதாது. 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கம், நேரில் குறைந்தது மூன்று ஆயர்களாவது இருக்க வேண்டும் என்றும், வர இயலாத மற்ற ஆயர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும் என்றும் இதை விதியாக்கியது.

சிப்ரியான் அவசரமாகச் செய்த ஒன்றும் பதிவாகியிருக்கிறது. அவுரேலியு என்ற இளைஞர், துன்புறுத்தலில் இரண்டு முறை விசுவாசத்தை அறிக்கையிட்டவர். அவரை வாசகராக, அதாவது வழிபாட்டில் வேதம் வாசிப்பவராக, ஏற்படுத்திய செய்தியைத் தம் மக்களுக்கு எழுதும்போது, குருகுலத்தாரை ஏற்படுத்துமுன் உங்களைக் கலந்து, ஒவ்வொருவரின் ஒழுக்கத்தையும் சேர்ந்து எடைபோடுவதே நம் வழக்கம் என்று முதலில் நினைவூட்டிவிட்டு, இவர் விஷயத்தில் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று காரணம் சொல்கிறார். வெறும் வாசகர் பணிக்கே இவ்வளவு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதாக ஓர் ஆயர் உணர்ந்தார் என்பது என்னை மிகவும் தொட்டது.

ஆயத்தம் பற்றிக் கேட்டீர்கள். அக்காலத்தில் சிறு பணிகளே பயிற்சிக்கூடம். 251ஆம் ஆண்டளவில் ரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய மடலின்படி, அந்நகரத் திருச்சபையில் 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள், இவர்களோடு வாசகர், பேயோட்டுநர், வாயில்காப்போர் எல்லாருமாக 52 பேர் இருந்தார்கள். 1500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் ஏழைகளையும் அத்திருச்சபை பராமரித்தது. ஒருவர் வாசகராகத் தொடங்கி, ஏழைகளின் பட்டியலைச் சுமந்து, நோயாளிகளைச் சந்தித்து, பல ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் பணியாற்றிய பிறகே மேலே சென்றார். கொர்னேலியு ஒரேயடியாக ஆயராகிவிடவில்லை, எல்லாப் படிகளிலும் ஏறி வந்தவர் என்று சிப்ரியான் அவரைப் பாராட்டுகிறார். 343ஆம் ஆண்டில் சார்திக்காவில் கூடிய சங்கம், செல்வர் ஒருவரையோ வழக்கறிஞர் ஒருவரையோ ஆயராக்க விரும்பினால், அவர் வாசகர், திருத்தொண்டர், குரு என்ற படிகளைக் கடந்திருக்க வேண்டும் என்று விதித்தது. இன்று நாம் காணும் குருமடம் மிகவும் பிற்பட்டது. மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கும்படி திரிதெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563இல்தான்.

குலசேகரம் இளைஞர் எழுதியது:

மூத்தவர்கள் எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். ஆயினும் என் மனதில் ஒரு கேள்வி நிற்கிறது. நான் ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். அந்தியோகியாவில் "பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள்" என்று சொன்னவர் பரிசுத்த ஆவியானவர் அல்லவா? தீமோத்தேயுவுக்கு வரம் அருளப்பட்டதும் தீர்க்கதரிசனத்தினால் என்று எழுதியிருக்கிறது. அப்படியிருக்க, சோதனை, படிகள், சம்மதம் என்றெல்லாம் பேசுவது, தேவன் அழைக்கிறவருக்கு மனிதர் தடைபோடுவதாக ஆகாதா?

நாகர்கோவில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. அழைக்கிறவர் ஆவியானவரே என்பதில் ஆதிச் சபைக்கு ஐயமே இருந்ததில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டது யார் என்று பாருங்கள். பர்னபாவும் சவுலும் தனியே கேட்டுவந்து சபைக்கு அறிவிக்கவில்லை. உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்த சபையின் நடுவில் அது கேட்டது. அதற்கு முன்பே அவ்விருவரும் ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சபையோடு கூடியிருந்து உபதேசித்தவர்கள் என்று பதினோராம் அதிகாரம் சொல்கிறது. தீமோத்தேயுவின் வசனத்திலும் தீர்க்கதரிசனத்தோடு மூப்பராகிய சங்கத்தார் கைகளை வைத்ததும் சேர்ந்தே வருகிறது. அவரைப் பவுல் உடன் அழைத்துப்போகுமுன், லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் உள்ள சகோதரர் அவருக்கு நற்சாட்சி கொடுத்திருந்தார்கள்.

தீர்க்கதரிசிகளையும் சோதித்துப் பார்க்கும் முறை இருந்தது. மிகப் பழைய சபை ஒழுங்கு நூலாகிய திதாக்கே, ஊர்விட்டு ஊர் வரும் போதகரை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் மூன்றாம் நாளும் தங்கினாலும், புறப்படும்போது பணம் கேட்டாலும் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று திட்டமாகச் சொல்கிறது. அதே நூல், சாந்தமுள்ளவர்களும் பணஆசை இல்லாதவர்களும் உண்மையுள்ளவர்களும் சோதித்தறியப்பட்டவர்களுமானவர்களைக் கண்காணிகளாகவும் உதவிக்காரராகவும் நீங்களே ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்று சபையாரிடம் சொல்கிறது.

விதியை மீறி நடந்தவையும் உண்டு, அவற்றை மறைப்பது சரியல்ல. சிப்ரியானே ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளுக்குள் ஆயரானவர், மூத்த குருக்கள் சிலர் அதனால் அவரை எதிர்த்தார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை உடனே உயர்த்துவதை நிசேயா சங்கம் தடுத்தது. ஆனாலும் 374இல் மிலான் நகரத்தார் தங்கள் ஆளுநர் அம்புரோஸை ஆயராகக் கேட்டு ஆர்ப்பரித்தபோது, அவர் ஞானஸ்நானம்கூடப் பெறாதவர். எட்டே நாளில் ஞானஸ்நானமும் அபிஷேகமும் நடந்தன. கற்பதற்கு முன்பே கற்பிக்க நேர்ந்ததே என்று அவர் பின்னர் வருந்தி எழுதினார், அந்தக் குறையைத் தீர்க்க வாழ்நாளெல்லாம் உழைத்தார். அகஸ்டினை 391இல் ஹிப்போ நகர மக்கள் பிடித்து நிறுத்திக் குருவாக்கினார்கள். அவர் தம் ஆயர் வலேரியுவுக்கு எழுதி, வேதத்தை ஆழ்ந்து கற்க ஈஸ்டர் வரை அவகாசம் கேட்டார். அத்தனை கல்வியுடைய ஒருவருக்கே அந்த அச்சம் இருந்தது.

அப்படிப்பட்டவரே பிற்பாடு ஆயத்தப்படுத்தும் பணியைக் கையில் எடுத்தார். தம் ஆயர் இல்லத்தில் குருமாரைத் தம்மோடு ஒரே பந்தியில், சொந்தச் சொத்தில்லாமல் வாழச் செய்தார். அங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரை மற்ற நகரங்கள் ஆயர்களாகக் கேட்டுப் பெற்றன. அதற்கு முன்பும் முறை இதுவே: மூத்தவர் ஒருவரோடு கூடவே வாழ்வது. செசரியாவில் வேத அறிஞர் ஒரிஜெனிடம் வந்த கிரகோரி சட்டம் படிக்கப் புறப்பட்டவர். அங்கே ஐந்து ஆண்டுகள் தங்கி, தருக்கம், இயற்கை நூல், ஒழுக்க நூல் என்று தொடங்கி வேதத்தில் முடித்து, தம் ஊராகிய நெயோசெசரியாவுக்குத் திரும்பி, பின்னர் அங்கே ஆயரானார். இரண்டாம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியு பிற்காலத்தில் தம் இளமையை நினைத்து எழுதும்போது, தம் ஆசிரியர் போலிகார்ப் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுவார், எப்படி வருவார் போவார், அவர் வாழ்ந்த விதம் என்ன என்பதெல்லாம் அண்மையில் நடந்தவற்றைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது என்கிறார். கேட்ட சொற்களோடு ஆசிரியரின் நடையும் உட்காரும் இடமும் மனதில் பதிந்திருப்பதே அந்தக் கல்வியின் தன்மை.

மார்த்தாண்டம் வாசகி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் ஆண்களைப் பற்றியே எழுதினீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளுக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், மற்ற இடங்களில் உதவிக்காரரைக் குறிக்கும் அதே சொல். 112ஆம் ஆண்டளவில் ஆளுநர் பிளினி பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஊழியக்காரிகள் என்று அழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக எழுதுகிறார். ஒரு சபை தன்னுடைய ஊழியத்தை அடிமைப் பெண்களிடம் ஒப்படைத்திருந்தது என்பதை நம் பெண்பிள்ளைகள் கேட்க வேண்டும். சீரியா நாட்டில் மூன்றாம் நூற்றாண்டில், திருமுழுக்குப் பெறும் பெண்களுக்கு எண்ணெய் பூசுவதும், ஆண்கள் நுழைய முடியாத வீடுகளில் நோயுற்ற பெண்களைச் சந்திப்பதும் பெண் திருத்தொண்டர்களின் பொறுப்பாக இருந்தன.

இன்னொன்று. நான் மலங்கரைக் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். எங்கள் வழிபாட்டு முறையில் ஆயர் திருநிலைப்பாட்டின்போது 'ஓக்சியோஸ்' என்று மும்முறை முழங்குவார்கள். தகுதியுள்ளவர் என்பது அதன் பொருள். இது அந்தப் பழைய காலத்துச் சொல்தானா?

குளச்சல் வாசகர் எழுதியது:

ஆம் அக்கா, அதே கிரேக்கச் சொல்தான். 236இல் ரோமையில் ஆயரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, வயலிலிருந்து வந்திருந்த பேபியன் என்பவரை முதலில் யாரும் நினைக்கவில்லை என்றும், புறா ஒன்று பறந்துவந்து அவர் தலைமேல் அமரவே, மக்கள் எல்லாரும் ஒரே குரலில் 'தகுதியுள்ளவர்' என்று முழங்கினார்கள் என்றும் வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். புறா நிகழ்ச்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் விசுவாசம். ஆனால் அந்த முழக்கம் மக்களின் சம்மதத்தைக் காட்டும் முறையாகவே எங்கும் வழங்கியது.

இரணியல் ஆசிரியை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் ஞாயிறு 1 தீமோத்தேயு 3ஐயும் தீத்து 1ஐயும் இரண்டு பத்திகளாகக் கரும்பலகையில் எழுதி, எது எங்கே இல்லை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன். ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. கண்காணி 'புறம்பானவர்களால்' நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது வசனம். சபைக்கு வெளியே உள்ளவர்களிடம் அதை எப்படி விசாரித்தார்கள்?

குளச்சல் வாசகர் எழுதியது:

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு செய்தி உண்டு. ரோமைப் பேரரசர்களின் வாழ்க்கையைக் கூறும் பழைய இலத்தீன் தொகுப்பு ஒன்று, அலெக்சாந்தர் செவேரு என்ற பேரரசன் ஆளுநர்களை நியமிக்குமுன் அவர்கள் பெயரைப் பொதுவில் அறிவித்து, குற்றம் தெரிந்தவர்கள் சான்றோடு வந்து சொல்லும்படி கேட்டான் என்கிறது. குருக்களை ஏற்படுத்துமுன் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இப்படிச் செய்கிறார்களே, மாகாணங்களை ஆள்பவர் விஷயத்தில் நாம் செய்யாதிருக்கலாமா என்று அவன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. அத்தொகுப்பை எல்லாவற்றிலும் நம்ப முடியாது. ஆயினும் திருச்சபையைச் சேராத ஒருவர் எழுதிய நூலில், பெயரை அறிவித்துக் காத்திருக்கும் இந்த வழக்கம் கிறிஸ்தவர்களுடையது என்று பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது. திருமணத்துக்கு முன் நம் ஊர்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதைப் போல, குருப்பட்டம் பெறவிருப்பவரின் பெயரையும் அவருடைய சொந்தப் பங்கில் அறிவித்து, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்பது எங்கள் திருச்சபையின் நெடுநாள் வழக்கம். பிள்ளைகளுக்கு ஓலை வாசிப்பதை உவமையாகச் சொன்னால் உடனே விளங்கிவிடும்.